மக்னீசியம் தகடு மடக்கினால் விரிசல் விடுகிறதே, என்ன செய்வது?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கத்திலுள்ள மண்டபம் ஊரில் சிறிய ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். படகில் பொருத்தும் கருவிக்கு எடை குறைந்த பெட்டி கேட்டதால் 2 மி.மீ. ஏஇசட்31 (அலுமினியமும் துத்தநாகமும் சிறிது கலந்த மக்னீசியம்) தகடு வாங்கினேன். பிரஸ் பிரேக்கில் (தகடு மடக்கும் இயந்திரம்) 90 டிகிரி மடக்கினால் வளைவில் விரிசல். விற்ற புரோக்கர், "கூடுதலாகக் கொடுங்கள், பெண்டிங் கிரேடு தருகிறேன்" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். ஏஇசட்31-ஐச் சூடாக்காமல் இறுக்கமாக மடக்கினால் விரியத்தான் செய்யும். மக்னீசியத்தின் அணு அடுக்குகள் சாதாரண வெப்பத்தில் ஒரே ஒரு தளத்தில்தான் சுலபமாக நழுவும். தகடாக உருட்டும்போது அந்தத் தளங்கள் பெரும்பாலும் தகட்டோடு இணையாகப் படுத்துவிடும். அப்புறம் மடக்கினால் நெகிழ இடமில்லை. 225 டிகிரி செல்சியஸ் தாண்டினால் மற்ற தளங்களும் நழுவத் தொடங்கும்.

எனவே தகட்டை ஓவனில் 250 டிகிரிக்குச் சூடாக்கி, மெதுவாக மடக்குங்கள். தகட்டை அழுத்தி வளைக்கும் அச்சான டையும் சூடாக இருக்கட்டும். குளிர்ந்த டை மெல்லிய தகட்டின் சூட்டை நொடியில் உறிஞ்சிவிடும். வெட்டு விளிம்பை முதலில் வழவழப்பாக்குங்கள், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். பளபளக்கும் தகட்டில் லேசர் வெப்பமானி தவறாகக் காட்டும், தகட்டைத் தொட்டு வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளை வையுங்கள். கேஸ் டார்ச் வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கவனம். தகட்டில் 'எச்24' என்று இருந்தால், உருட்டி இறுக்கியதால் வந்த வலிமை அதில் உண்டு. அதிக நேரம் சூட்டில் வைத்தால் அந்த வலிமை இறங்கும். சுமை தாங்கும் பாகமென்றால், சூடேறியதும் மடக்கி எடுத்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஓவனுக்குள் போடக் கூடாது. வெறும் மூடிதான் என்றால் இந்தக் கவலை தேவையில்லை. 'ஓ' என்று இருந்தால் அது ஏற்கெனவே சூடாக்கி மென்மையாக்கிய தகடு, சூட்டால் இழக்க அதனிடம் பெரிதாக ஒன்றுமில்லை.

இனி அந்தப் 'பெண்டிங் கிரேடு'. அரிய மண் தனிமங்களோ கால்சியமோ சிறிதளவு சேர்த்து, நன்றாக வளையும் தகடுகள் உண்மையிலேயே தயாராகின்றன. ஆனால் ஆலைச் சோதனைச் சான்றிதழ் இல்லாமல் ஒருவர் வாயால் சொல்வது கிரேடு ஆகாது. அலுமினியத்தையே மக்னீசியம் என்று தள்ளிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். 30 செ.மீ. சதுரமாக 2 மி.மீ. தகட்டை நிறுத்துப் பாருங்கள்: மக்னீசியம் 320 கிராம் அளவில் இருக்கும், அலுமினியம் 485-ஐ நெருங்கும். ஒரு சொட்டு வினிகர் விட்டால் மக்னீசியத்தில் உடனே குமிழி வரும். ஒரே ஒரு ஷீட் வாங்குகிறவருக்குச் சான்றிதழ் தர மாட்டேன் என்கிற வழக்கம் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. சிறு பட்டறைக்காரர் புரோக்கர் கையில் சிக்குவதே இதனால்தான். நகல் கேளுங்கள், தராவிட்டால் பணம் கொடுக்காதீர்கள்.

மடக்கும்போது உராயாமலிருக்கக் கிராஃபைட் பூசினால் பிறகு துளியும் மிச்சமின்றிக் கழுவுங்கள். மண்டபத்து உப்புக்காற்றில் அது ஒட்டிய இடமெல்லாம் அரிக்கும். ஸ்டீல் போல்ட்டும் நேராகத் தொடக் கூடாது. பிளாஸ்டிக் வாஷரும் குழலும் போட்டு, மேலே நல்ல பூச்சு கொடுங்கள். தூள், சீவல்களைத் தீயிலிருந்து தள்ளி வையுங்கள். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அருகிலேயே கிடைக்கிறதென்று ஈரமான கடற்கரை மணலையும் அள்ளிப் போடாதீர்கள், ஹைட்ரஜன் கிளம்பும். உலோகத் தீக்கான டி வகுப்புப் பொடி வாங்கி வையுங்கள்.

கையிலிருக்கும் தகட்டில் இரண்டு விரல் அகலத் துண்டை வெட்டி, 250 டிகிரியில் மடக்கிப் பாருங்கள். வளைவின் உள் ஆரத்தைத் தடிமனைப் போல் மூன்று மடங்கு, அதாவது 6 மி.மீ. வைத்துத் தொடங்குங்கள்.