கள்ளிக்குப் போட்ட உரம் அம்மாவின் ரத்தத்தில் தெரியுமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை உண்டு, பிரஷருக்கு எனலாப்ரில் சாப்பிடுகிறார். எலும்புக்கும் சர்க்கரைக்கும் நல்லது என்று, கொல்லையில் வளரும் முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளியின் இளம் மடலை வாரம் இரண்டு தரம் பொரியல் செய்கிறார். தம்பி அதற்கு 3:1:5 உரம் போடுகிறான். போன மாதம் ரத்தத்தில் பொட்டாசியம் 5.6. உரம்தான் காரணமா?

பதில்: சகோதரி, முதலில் அந்த 5.6. கூடிப்போனால் ஐந்தை ஒட்டி நிற்க வேண்டிய அளவு அது. ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்தாலும் பொய்யாக ஏறும். ஆனால் எனலாப்ரிலே பொட்டாசியம் சிறுநீரில் போவதைக் குறைக்கும். சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் ஆபத்து. நாளைக்கே கிளினிக்குக்குப் போய் பொட்டாசியம், கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) இரண்டையும் மறுபடி பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். படபடப்போ கைகால் தளர்ச்சியோ வந்தால் நேரே அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

இப்போது உரம். பையில் இருக்கும் மூன்று எண்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. சாம்பல்சத்துதான் பொட்டாசியம். அடைப்புக்குள் இருப்பது மூன்றும் சேர்ந்து நூற்றுக்கு எத்தனை பங்கு என்பது. 3:1:5 (26) பையில் அது நூற்றுக்குப் பதினான்கு பங்கு; 2:3:2 (22) பையில் ஆறு பங்குதான். மண்ணில் மிகுந்தால் செடி தேவைக்கு மேலும் உறிஞ்சி மடலில் வைத்துக்கொள்ளும். கால்சியமும் மக்னீசியமும் ஏறுவது குறையும். பிராய் (இறைச்சி சுடும்) அடுப்புச் சாம்பலும் கோழி எருவும் மண்ணில் பொட்டாசியம் கூட்டுவதில் சளைத்தவை அல்ல.

ஆனாலும் 100 கிராம் பச்சை மடலில் இருப்பது சுமார் 250 மில்லிகிராம் பொட்டாசியம். உருளைக்கிழங்கில் 400க்கு மேல்! உரம் கொஞ்சம் கூட்டினாலும், வாரம் இரண்டு பொரியல் மட்டும் 5.6 கொண்டுவராது. சோடியம் குறைந்த உப்பு என்று வாங்கி வைத்திருக்கிறீர்களா? அவற்றில் பல, பாதிக்கு மேல் பொட்டாசியம் குளோரைடு. எனக்குக் கவலை அதுதான்.

எலும்புக்கு என்று நம்ப வேண்டாம். மடலில் கால்சியம் நிறைய உண்டு, ஆனால் பெரும்பகுதி ஆக்சலேட் என்ற, செடியிலேயே இருக்கும் பொருளோடு இறுகிக் கிடப்பதால் குடலுக்குப் பிடிபடாது. மண்ணுக்குச் சுண்ணாம்பு போட்டாலும் இந்தக் கதை மாறாது. சர்க்கரைக்கு, அந்தக் கொழகொழப்பான நார் கொஞ்சம் உதவும். மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரை இறங்கிவிடாமல் கவனியுங்கள்.

மறுபரிசோதனை வரும் வரை கள்ளியை நிறுத்துங்கள். அப்புறம் டாக்டர் சரி என்றால், நறுக்கி நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளியுங்கள். பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். தம்பியிடம் 2:3:2 போதும் என்று சொல்லுங்கள். நாளை கிளினிக்குக்குப் போகும்போது உப்புப் பொட்டலத்தையும் எடுத்துப் போங்கள்.