மறு: ஒன்பது மின்துறைத் திட்டங்களில் எதற்கு முன்னுரிமை?

ஒன்பது அரசுத் திட்டங்களை இரண்டிரண்டாக ஒப்பிட்டதில் முரண்பாட்டு விகிதம் (பதில்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்ற அளவு) 0.23 வந்துவிட்டது, வல்லுநர்களையே மாற்றிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இந்த ஒப்பீட்டு முறையை (AHP) உருவாக்கிய தாமஸ் சாட்டி வைத்த வரம்பு 0.10 என்பது சரிதான். ஆனால் ஒன்பதுக்கு 36 ஒப்பீடுகள். பாதி தாண்டினாலே யாரும் கை போன போக்கில்தான் டிக் அடிப்பார்கள். உற்பத்தி, விநியோகம், நிர்வாகம் என்று மும்மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். குழுக்களுக்குள் 9, குழுக்களுக்கு இடையே 3, மொத்தமே 12 கேள்விகள்தான்.

எனக்கு உறுத்துவது உங்கள் பட்டியல். மின்மாற்றிகளுக்கு மீட்டர் பொருத்துவதையும் பழைய கம்பிகளை மாற்றுவதையும் போட்டியாளர்களாக நிறுத்தியிருக்கிறீர்கள். மின்மாற்றியில் எத்தனை யூனிட் போனது, அதன்கீழ் உள்ள இணைப்புகளுக்கு எத்தனை யூனிட்டுக்கு பில் போட்டார்கள் என்று தெரியாமல், இழப்பு கம்பிச் சூட்டிலா, திருட்டிலா, பில்லிங் கோளாறிலா என்று எப்படிச் சொல்வது? திருட்டு என்றால் தடித்த கம்பி போட்டுப் பயனில்லை. சூடு என்றாலும், மூன்று ஃபேஸ்களில் சுமையைச் சமமாகப் பிரித்தாலே ஓரளவு குறையும். அதற்குப் பெரிய செலவும் கிடையாது. ஆகவே மீட்டரைப் போட்டியிலிருந்து எடுத்து முன்நிபந்தனையாக வையுங்கள். எட்டாகிவிடும், நல்லதுதான்.

இன்னொன்று: வல்லுநர்களின் மதிப்பெண்களுக்குப் பெருக்கல் சராசரிதான் (இருவர் என்றால், பெருக்கி வர்க்கமூலம்) எடுக்க வேண்டும். முதல் திட்டமே அதிக முக்கியம் என்று ஒருவர் 3, அதற்கு நேர் தலைகீழாக மற்றவர் 1/3 என்றால் இருவரும் சமமாக எதிர்க்கிறார்கள், விடை 1. எக்செல்லில் வழக்கமான சராசரி போட்டால் 1.67 வந்து ஒருபக்கம் சாய்ந்துவிடும்.

கடைசியில், மதிப்பீட்டில் செலவுக்குக் கொடுத்த எடையைக் கொஞ்சம் ஏற்றி இறக்கிப் பாருங்கள். முதலிரண்டு இடங்கள் மாறினால், இரண்டும் சமம் என்றே அறிக்கையில் எழுதிவிடுங்கள்.