கடைக்காரர் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்!

கேள்வி: வணக்கம் சார். மும்பை சயான் கோலிவாடாவில் இருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட்டிங்தான் பிழைப்பு. 2020-ல் போட்ட சிஸ்டம்: ரைசன் 5 3600, பி450 போர்டு, 8+8 என 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). விண்டோஸ் 240 ஜிபி எஸ்எஸ்டியில், ஃபுட்டேஜ் எல்லாம் 2 டிபி ஹார்ட் டிஸ்க்கில். போன வருஷம் கேமரா மாற்றினேன். 4கே, எச்.265, 10 பிட் 4:2:2-ல் எடுக்கிறேன். அதிலிருந்து டைம்லைன் திக்கித் திக்கி ஓடுகிறது. கிராண்ட் ரோடு ஸ்டேஷன் பக்கம் கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் லேமிங்டன் ரோட்டில் விசாரித்தால் போர்டு, பிராசசர், டிடிஆர்5 ராம், ஆர்டிஎக்ஸ் 4060 எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். தை முகூர்த்த சீசனுக்குள் முடிக்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: "கேமரா மாற்றினேன், அதிலிருந்து" என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். கடைக்காரர் உங்கள் சிஸ்டத்தின் வயதைக் கேட்டிருப்பார், கேமராவைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்.

எச்.265 என்பது வீடியோவைச் சுருக்கி வைக்கும் முறை. 4:2:2 ஃபைலில் நிறத் தகவல் சாதாரண 4:2:0 வீடியோவைவிட இரண்டு மடங்கு. கலர் கரெக்‌ஷனுக்கு நல்லதுதான். ஆனால் வீடியோவைப் பிரித்துக் காட்டுவதற்கென்று கிராபிக்ஸ் கார்டில் தனியாக ஒரு பகுதி உண்டு; உங்கள் 1650-ல் இருக்கும் அந்தப் பகுதிக்கு எச்.265 4:2:2 தெரியாது. அதனால் மொத்தச் சுமையும் பிராசசர் தலையில் விழுகிறது, ஆறு கோர் மூச்சு வாங்குகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் சொல்லும் 4060-க்கும் அது தெரியாது. என்விடியாவில் 2025-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத்தான் தெரியும். இன்டெல் பிராசசர்களோடு வரும் கிராபிக்ஸ் 11-வது தலைமுறையிலிருந்தே இதைச் செய்கிறது, ஆனால் உங்கள் 3600-ல் உள்ளே கிராபிக்ஸே கிடையாது.

நான் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். திக்குகிற இடத்தில் டைம்லைனை ஓடவிட்டு, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்து வையுங்கள். சிபியு நூறைத் தொட்டுக்கொண்டிருக்க, கார்டின் 'வீடியோ டிகோட்' கோடு தரையோடு தரையாகக் கிடந்தால் நான் சொன்னதுதான். ஹார்ட் டிஸ்க் நூறில் நின்றால் குற்றவாளி அதுவும்தான். இரண்டு மூன்று கேமரா ஃபைல்களை ஒன்றாக ஓட்டும்போது அதன் முள் இங்கும் அங்கும் தாவியே நேரத்தைத் தின்றுவிடும். ராம் 15 ஜிபியைத் தாண்டி நின்றால் அதுவும் போதவில்லை.

சரி, முதலில் காசில்லாத வைத்தியம். ராத்திரி படுக்கப் போகும்போது ப்ராக்ஸி, அதாவது ஃபுட்டேஜின் சின்ன அளவு நகல், போட்டுவிடுங்கள். காலையில் சின்ன ஃபைலில் எடிட் செய்துவிட்டு, எக்ஸ்போர்ட்டுக்கு மட்டும் ஒரிஜினலுக்கு வரலாம். அப்புறம், தாலி கட்டுவதை 4:2:2-ல் எடுங்கள், நியாயம். பந்தியில் சாம்பார் ஊற்றுவதற்கும் அது எதற்கு? கேமரா மெனுவில் 4:2:0-க்கு மாற்ற அரை நிமிஷம் ஆகாது.

செலவு என்று வந்தால் நான் முதலில் வாங்குவது 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, போர்டிலேயே நேராக மாட்டும் வேகமான வகை. நடக்கிற வேலையின் ஃபுட்டேஜை மட்டும் அதில் வையுங்கள், முடிந்ததை ஹார்ட் டிஸ்க்குக்குத் தள்ளிவிடுங்கள். நான்காம் தலைமுறை (ஜென் 4) எஸ்எஸ்டி என்று கூடுதல் விலை கொடுக்காதீர்கள், உங்கள் போர்டில் அது மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான் ஓடும். சில பி450 போர்டுகளில் எம்.2 என்ற அந்த ஸ்லாட்டில் எஸ்எஸ்டி மாட்டினால், ஹார்ட் டிஸ்க் கேபிள் செருகும் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு செத்துவிடும். ஹார்ட் டிஸ்க் காணாமல் போய்விட்டது என்று பதறாமல் கேபிளை அடுத்த போர்ட்டுக்கு மாற்றுங்கள்.

அடுத்தது ராம். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்து, பழைய அதே மாடல் கிடைத்தால் இன்னும் 8+8. இல்லாவிட்டால் 16+16 ஜோடியாக வாங்கிப் பழையதைக் கழற்றிவிடுங்கள். வெவ்வேறு ராமைக் கலந்து மாட்டிவிட்டு ஆன் ஆகவில்லை என்று எழுதுகிறவர்கள் நிறைய. விலை இங்கே எழுத மாட்டேன். ஏஐ சர்வர்கள் பக்கம் சிப் போனதில் 2025 கடைசியில் ராம் விலை எகிறியது, நான் எழுதும் தொகை நீங்கள் தாதரில் வண்டி மாறி கிராண்ட் ரோட்டில் இறங்குவதற்குள் பழசாகிவிடும். இப்படி விலை ஏறிய பின், ஓடுகிற டிடிஆர்4-ஐத் தூக்கிப் போட்டுவிட்டு டிடிஆர்5-க்குத் தாவச் சொல்வது உங்களுக்காகச் சொல்லும் யோசனை அல்ல.

இன்னும் காசு இருந்தால் ஆர்டிஎக்ஸ் 5060. அதற்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் தேவை, ஆக எஸ்எம்பிஎஸ் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். அட்டைப்பெட்டியில் 650 என்று அச்சடித்து, கையில் எடுத்தால் காலி டிபன் பாக்ஸ் கனம்கூட இல்லாத சரக்கு லேமிங்டன் ரோட்டில் கிடைக்கும். அதைத் தொடாதீர்கள். மேஜைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ்ஸையும் பாருங்கள். 600 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட்தான், எக்ஸ்போர்ட் நடுவில் கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும்.

பிராசசர் கடைசி. எக்ஸ்போர்ட் நேரம் அப்போதும் உறுத்தினால் இதே போர்டில் ரைசன் 7 5700எக்ஸ் உட்காரும். பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட் செய்துவிட வேண்டும், கழற்றிய பிறகு செய்ய நினைத்தால் கறுப்புத் திரைதான். பெட்டியில் கூலர் வராது, அதற்குத் தனிக் காசு.

கேள்வி: செம்பூரிலிருந்து எழுதுகிறேன். கட்டடங்களுக்கு 3டி படம் செய்து கொடுக்கும் வேலை. பக்கா பில் (ஜிஎஸ்டி போட்டது) என்றால் 18% கூடும், கச்சா பில் (வெறும் துண்டுச் சீட்டு) போதும் என்கிறார் கடைக்காரர். வாரண்டி கம்பெனி கொடுக்கும்தானே?

பதில்: நான் பட்டதைச் சொல்கிறேன். நான் கேட்டது ரைசன் 7 5700எக்ஸ். வீட்டுக்கு வந்து, பிராசசர் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் எல்3 கேஷ் (பிராசசருக்குள் இருக்கும் நினைவகம்) 16 எம்பி. எக்ஸ் என்றால் 32 இருக்க வேண்டும். கையில் இருந்தது வெறும் 5700. பெட்டியில் கூலர் இருந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும், இலவசம் என்று சந்தோஷப்பட்டுவிட்டேன். துண்டுச் சீட்டில் 'ரைசன் 7' என்று மட்டும் எழுதியிருந்தது. "ஏக் ஹி சீஸ் ஹை சாப்" (இரண்டும் ஒன்றுதான் சார்) என்று அனுப்பிவிட்டார்கள். நான் கேட்டது எக்ஸ் என்பதற்கு என் வாய் மட்டுமே சாட்சி.

ஆகவே ஜிஎஸ்டி பில், அதில் முழு மாடல் பெயர், சீரியல் நம்பர். கம்பெனி சர்வீஸ் சென்டரிலும் பில் கேட்பார்கள். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று சிலர் மிரட்டுவார்கள். பிழைப்புக்காக நீங்களே உட்கார்ந்து செய்யும் சுயதொழிலுக்கு அந்த விலக்கு பொருந்தாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால், 5 லட்சம் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம்.

கேள்வி: பழைய ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி வாங்கலாமா? (தாராவி வாசகர்)

பதில்: 3டி ரெண்டருக்கு அந்த 12 ஜிபி இன்றும் உதவும், வாங்கலாம். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற டிஜிட்டல் நாணயத்தை கார்டுகளை ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங் நின்றபோது ராப்பகலாக உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங் கார்டு என்பதாலேயே ஒதுக்க வேண்டாம், ஆனால் விசிறியை விரலால் சுற்றிப் பாருங்கள். ஆட்டம், கரகர சத்தம் இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லாதீர்கள், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கடையிலேயே மாட்டி அரை மணி நேரம் ஃபர்மார்க் (கார்டை முழுச் சுமையில் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டச் சொல்லுங்கள். "இப்போ டெஸ்ட் பெஞ்ச் காலி இல்லை" என்றால், ஒரு கட்டிங் சாய் குடித்துவிட்டுத் திரும்ப வாருங்கள். காலியாகியிருக்கும்.