மைக்ரோ ஃபைனான்ஸால், அதாவது அடமானம் இல்லாத சிறுகடனால், ஏழைப் பெண்களுக்கு அரசியல் பலம் கூடுமா?

கூடும். ஆனால் கடன் கொடுக்கும் கம்பெனிக்கு அதில் பெரிய பங்கு இல்லை என்பது என் கருத்து. ஆந்திராவைப் பாருங்கள், தெலங்கானா பிரிவதற்கு முந்தைய ஆந்திரா.

அங்கே 90களிலேயே முதல்வர் சந்திரபாபு நாயுடு 'டுவாக்ரா' என்ற சேமிப்பு, கடன் மகளிர் குழுக்களை ஊர் ஊராக வளர்த்துவிட்டார். 2004இல் ஆட்சிக்கு வந்த ராஜசேகர ரெட்டி அதே குழுக்களுக்குக் கால் வட்டித் திட்டம் கொண்டுவந்தார். வங்கிக் கடனை ஒழுங்காகக் கட்டினால், வருஷத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் போகும் வட்டியை அரசே ஏற்றுக்கொள்ளும். கட்சிக்காரர் கண்ணுக்கு ஒரு குழு என்றால் ஒரே திண்ணையில் பத்துப் பதினைந்து ஓட்டு.

அதே பெண்களைத் தேடித்தான் தனியார் சிறுகடன் கம்பெனிகளும் வந்தன. வாரா வாரம் வசூல். ஒருவர் கட்டாவிட்டால் மொத்தக் குழுவின் தலையிலும் விடியும். ஒரே வீட்டில் மூன்று நான்கு கம்பெனிக் கடன். 2006லேயே கிருஷ்ணா மாவட்டத்தில் அதிகாரிகள் சுமார் 50 கிளைகளை இழுத்துப் பூட்டினார்கள். 2010 ஆகஸ்டில் அந்தக் கம்பெனிகளில் பெரியதான எஸ்.கே.எஸ். பங்குச் சந்தைக்குப் போய் 1,600 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியது. அப்புறம் வரிசையாகத் தற்கொலைச் செய்திகள். அக்டோபரில் ரோசய்யா அரசு அவசரச் சட்டம் போட்டது: இனி மாதத் தவணைதான், அதையும் வீட்டு வாசலில் கேட்கக் கூடாது, பஞ்சாயத்து அலுவலகம் மாதிரிப் பொது இடத்தில்தான் வாங்க வேண்டும். கட்ட வேண்டாம் என்று அரசியல்வாதிகளும் சொல்ல, வசூல் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகச் சரிந்தது.

சட்டம் தேவைப்பட்டது, மறுக்கவில்லை. ஆனால் போட்டவர் நடுவர் இல்லையே, அதே பெண்களுக்கு வங்கிக் கடன் திட்டம் நடத்திய எதிர்க்கடைக்காரர்! கம்பெனிகள் கடையைக் கட்டியபின் அவசரத்துக்குக் கை நீட்டப் பலருக்கு உள்ளூர் வட்டிக்காரர்தான் மிச்சம். அதைப் பற்றி மேடையில் யாரும் பேசவில்லை.

பெண்களுக்குக் கிடைத்த பலம் வேறு இடத்தில் தெரிந்தது. தெலங்கானா பிரிந்த 2014இல், குழுக் கடன் தள்ளுபடி என்று வாக்குறுதி கொடுத்து மிச்ச ஆந்திராவில் நாயுடு ஜெயித்தார். முழுசாகச் செய்யவில்லை என்ற கோபம் மிச்சமிருக்க, 2019 தேர்தல் நெருக்கத்தில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 10,000 ரூபாய் கொடுத்துப் பார்த்தார், தோற்றார். ஜெயித்த ராஜசேகர ரெட்டியின் மகன் ஜெகன் கொண்டுவந்த 'ஆசரா' திட்டம், 2019 ஏப்ரல் 11 அன்று குழுக்களுக்கு வங்கியில் இருந்த பாக்கியை நான்கு தவணையாகத் தருவது. ஏப்ரல் 11 என்ன நாள் என்கிறீர்களா? வாக்குப்பதிவு நாள்.