பிரவுசர் வாங்கலையோ, பிரவுசர்!

மிக்ஸி, மெத்தை, குக்கர் கேஸ்கட் என்று போய்க்கொண்டிருந்த தபாலில் இந்த முறை பாதிக்கு மேல் போன் பிரவுசர் பற்றிய கேள்விகள். காசு கொடுத்து வாங்காத பொருளுக்கு நுகர்வோர் பகுதியில் என்ன வேலை என்று ஒருவர் கோபித்துக்கொண்டிருக்கிறார். கீழே எத்தனை பேர் காசு இழந்திருக்கிறார்கள் என்று அவரே எண்ணிக்கொள்ளட்டும். இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: போனுக்கு எந்த பிரவுசர் நல்லது? சுருக்கமாகச் சொல்லவும். (மதுரை)

ப: இப்போது இருப்பதே. அப்டேட் போட்டிருந்தால்.

கே: ராத்திரி பகல் பாராமல் "உங்கள் போனில் 13 வைரஸ்" என்று வந்துகொண்டே இருக்கிறது. கடைத் தம்பி 500 ரூபாய் வாங்கிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துப் புதுசு போல ஆக்கிக் கொடுத்தான். பேத்தி காதுகுத்துப் போட்டோவெல்லாம் போய்விட்டது. ஒரே வாரத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. பிரவுசரை மாற்ற வேண்டுமா? (திருநெல்வேலி)

ப: வேண்டாம் அம்மா. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இது வைரஸே இல்லை. ஏதோ ஒரு பக்கத்தில் சமையல் குறிப்போ சீரியலோ தேடியிருப்பீர்கள். "நீங்கள் ரோபோ இல்லை என்றால் அலோ என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், அழுத்தியிருப்பீர்கள். அது சோதனை இல்லை. அந்தத் தளம் நினைத்த நேரத்தில் உங்கள் போனுக்கு அறிவிப்பு அனுப்ப நீங்கள் கொடுத்த அனுமதி. போனை அழித்த பிறகும் பழைய பக்கத்துக்கே போய் மறுபடி அழுத்தியிருப்பீர்கள், அதனால்தான் திரும்ப வந்துவிட்டது.

அடுத்த முறை வரும்போது தொடாமல் உற்றுப் பாருங்கள். சின்ன எழுத்தில் குரோம் என்றும், பக்கத்திலேயே வாயில் நுழையாத ஒரு தளத்தின் பெயரும் இருக்கும். அதுதான் ஆள். குரோமைத் திறந்து மேல் மூலையில் இருக்கும் மூன்று புள்ளி, அதில் செட்டிங்ஸ், பிறகு சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். நீங்கள் அனுமதி கொடுத்த தளங்கள் அங்கே வரிசையாக இருக்கும். தெரியாத பெயரையெல்லாம் தட்டி பிளாக் செய்யுங்கள். இரண்டு நிமிஷம் ஆகாது, சல்லிக்காசு செலவில்லை. இதற்குத்தான் அந்தத் தம்பி 500 ரூபாயும் காதுகுத்துப் போட்டோவும் வாங்கியிருக்கிறான். கூகுள் போட்டோஸில் பேக்கப் போட்டிருந்தால் படங்கள் அங்கே பத்திரமாக இருக்கும். பழைய ஜிமெயில் முகவரியில் நுழைந்து ஒருமுறை பாருங்கள். இருக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன்.

கே: ஐபோனில் சஃபாரிக்குப் பதில் குரோம் போட்டால் வேகம் கூடுமா? (சென்னை)

ப: கூடாது. ஐபோனில் நம் ஊரில் கிடைக்கும் எல்லா பிரவுசருக்கும் உள்ளே ஓடுவது, பக்கத்தைத் திறந்து காட்டும் ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான். மேலே சட்டை மட்டும் வேறு. 2024-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இதற்கு விலக்கு உண்டு. அங்கே குடிபோனால் எழுதுங்கள்.

கே: 9,000 ரூபாய்க்குப் புதுப் போன் வாங்கினேன். உள்ளே ஏற்கெனவே இரண்டு பிரவுசர் இருந்தது. கம்பெனியின் சொந்த பிரவுசரைத் திறந்தால் நடிகை செய்தியும் கடன் விளம்பரமும்தான் முதலில் வருகிறது. நீக்கப் பார்த்தால் நீக்க முடியவில்லை. போன் என்னுடையதா, அவர்களுடையதா? ஓய்வுபெற்ற ஆசிரியர். (சேலம்)

ப: ஐயா, நல்ல இடத்தில் கை வைத்தீர்கள். இது எனக்கும் பல வருஷத்து எரிச்சல். கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிடுகிறேன்.

பெட்டியிலிருந்து எடுக்கும்போதே போனில் எது உட்கார்ந்திருக்கிறதோ, அதைத்தான் பெரும்பாலோர் கடைசிவரை பயன்படுத்துகிறோம். இது நமக்குத் தெரிகிறதோ இல்லையோ, விற்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் அந்த இடத்துக்கு வாடகை உண்டு. சஃபாரியில் தன் தேடுபொறியே முதலில் இருக்க வேண்டும் என்பதற்காக கூகுள் ஆப்பிளுக்கு 2022-ல் மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்தது. அமெரிக்க நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் வெளிவந்த கணக்கு அது. மளிகைக் கடையில் கண்ணுக்கு நேரே இருக்கும் தட்டில் தன் பிஸ்கட்டை வைக்க கம்பெனிக்காரர் கடைக்காரருக்குக் கொடுப்பார் இல்லையா, அதே வியாபாரம்தான். என்ன, மளிகைக் கடையில் நாம் குனிந்து கீழ்த் தட்டிலிருந்து வேறு பிஸ்கட்டை எடுத்துக்கொள்வோம். போனில் குனிவதில்லை.

ஆண்ட்ராய்டில் கதை வேறு மாதிரி. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் குரோம், கூகுள் தேடல் எல்லாவற்றையும் சேர்த்தே போனில் வைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்களுக்கு நிபந்தனை இருந்தது. பொங்கலுக்குச் சர்க்கரை வேண்டுமென்றால் டீத்தூளும் வாங்கு என்று ரேஷன் கடையில் சொல்வதுபோல. வியாபாரப் போட்டி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கும் நம் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் இதற்காக கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அடுத்த ஜனவரியில், இந்தியாவில் செயலிகளைத் தனித்தனியாகவும் எடுத்துக்கொள்ளலாம் என்று கூகுள் அறிவித்தது. சரி, நிலைமை மாறியதா? உங்கள் கடிதமே பதில். கூகுளின் பிடி கொஞ்சம் தளர்ந்தாலும், போன் கம்பெனி தன் பங்குக்கு ஒரு பிரவுசரைச் சொருகி அதில் விளம்பரம் காட்டிச் சம்பாதிக்கிறது. மலிவு விலைப் போன் மலிவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். மீதி விலையை உங்கள் கண்ணால் கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

நானும் இப்படிக் கட்டியவன்தான். சென்னை ரிச்சி தெருவில் 6,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கி, "அடடா, இந்த விலைக்கா!" என்று வீட்டில் பெருமை அடித்தேன். மூன்றாம் நாள் அதில் அலாரத்தை நிறுத்தினால் ரம்மி விளம்பரம் வந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் டீஃபால்ட் ஆப்ஸ், அதில் பிரவுசர். அங்கே உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுத்துவிட்டால், வாட்ஸ்அப்பில் வரும் லிங்க்கெல்லாம் இனி அதில்தான் திறக்கும். கம்பெனி பிரவுசரை நீக்க முடியாவிட்டாலும் டிஸேபிள் என்று ஒரு பொத்தான் இருக்கிறதா பாருங்கள். சில போன்களில் அதையும் மங்கலாக்கி வைத்திருப்பார்கள். அப்படியானால் அதன் அறிவிப்புகளை மொத்தமாக அணைத்து, ஐகானை ஏதாவது ஒரு ஃபோல்டருக்குள் தள்ளிவிடுங்கள். கடையில் போன் பார்க்கும்போது கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்கிறோமே, கூடவே "இதில் எதையெல்லாம் நீக்க முடியும்?" என்றும் கேட்க வேண்டும்.

கே: செய்தி படித்தால் காசு தரும் பிரவுசர் ஒன்றை நண்பர் அனுப்பிய ஃபைலிலிருந்து போட்டேன். ஆறு மாதத்தில் 37 ரூபாய் சேர்ந்திருக்கிறது. 100 ஆனால்தான் எடுக்க முடியுமாம். கான்டாக்ட்ஸ், எஸ்எம்எஸ் அனுமதி கேட்டது, கொடுத்துவிட்டேன். ஆபத்தா? (கோயம்புத்தூர்)

ப: பிளே ஸ்டோரில் இல்லாத ஃபைல், எஸ்எம்எஸ் அனுமதி, மேலே 37 ரூபாய். வங்கி ஓடிபி எங்கே வருகிறது என்று நினைக்கிறீர்கள், கொரியரிலா? ஒரு பிரவுசருக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதற்கு என்று ஒரு கணம் கேட்டிருக்கலாம். இதைப் படித்து முடிப்பதற்குள் அதை நீக்குங்கள். வேறொரு போனிலிருந்து வங்கிப் பாஸ்வேர்டை மாற்றுங்கள். அந்த நண்பருக்கும் சொல்லுங்கள். 37 ரூபாயைப் பற்றி இனி எழுத வேண்டாம்.

கே: விளம்பரம் இல்லாமல் பார்க்க எந்த பிரவுசர்? காசு கொடுக்கவும் தயார். (திருச்சி)

ப: கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். விளம்பரத் தடுப்புச் செயலி ஒன்றுக்கு ஆண்டுச் சந்தா 899 ரூபாய் கட்டினேன். அது தடுத்த ஒரே விளம்பரம், சந்தா கட்டச் சொல்லும் அதன் சொந்த விளம்பரம்.

ஆண்ட்ராய்டில் பயர்ஃபாக்ஸ் போட்டு, அதன் மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ் போய் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பைச் சேருங்கள். இரண்டும் இலவசம். போனில் உள்ள குரோமில் இந்த மாதிரிச் சேர்க்கைக்கு வழியில்லை. விளம்பரத்தில் பிழைக்கும் கம்பெனியிடம் அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஒன்றும் சேர்க்க வேண்டாம், போட்டதும் ஓட வேண்டும் என்றால் பிரேவ் என்ற பிரவுசர். ஆனால் அதையும் கோயில் ஆக்கிவிடாதீர்கள். 2020-ல் ஒரு கிரிப்டோ தளத்தின் முகவரியைத் தட்டினால், தன் கமிஷன் குறியீட்டைக் கூடவே ஒட்டி நிரப்பிக் கொடுத்து மாட்டிக்கொண்டது, அப்புறம் மன்னிப்புக் கேட்டது. சாம்சங் இன்டர்நெட் என்ற பிரவுசரும் தடுப்புச் செயலிகளை ஏற்கும். சாம்சங் போன்தான் வேண்டும் என்பதில்லை.

கே: இன்காக்னிடோவில் (பார்த்த தளங்களைப் போனில் பதிந்து வைக்காத மறைவு முறை) பார்த்தால் விமான டிக்கெட் விலை குறையும் என்கிறார்களே? (புதுச்சேரி)

ப: நான் பார்த்து ஒரு ரூபாய் குறைந்ததில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு வருவதற்குள் மலிவு சீட் தீர்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். இன்காக்னிடோ உங்கள் வீட்டுக்காரர்களிடமிருந்து மறைக்கும். ஆபீஸ் வைஃபையிடமிருந்தோ நெட் கொடுக்கும் கம்பெனியிடமிருந்தோ மறைக்காது. அந்த மறைவில் இருந்தவர்களின் தகவலையும் திரட்டியதாக 2020-ல் கூகுள் மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2024-ல் சமரசத்துக்கு வந்து, திரட்டியதை அழிக்க ஒப்புக்கொண்டது.

கே: அப்பாவின் பழைய போன், ஆண்ட்ராய்டு 8, 2 ஜிபி ரேம். குரோம் அப்டேட் ஆகவில்லை. யூசி பிரவுசர் முன்பு நன்றாக ஓடும், அதை எங்கே இறக்கலாம்? (தஞ்சாவூர்)

ப: எங்கேயும் இறக்க வேண்டாம். 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்த 59 செயலிகளில் டிக்டாக்கோடு அதுவும் போய்விட்டது. இன்று அந்தப் பெயரில் ஏதோ ஒரு தளத்தில் கிடைப்பது யார் சமைத்தது என்று யாருக்குத் தெரியும்? குரோம் 2025-லிருந்து ஆண்ட்ராய்டு 10-க்குக் கீழே புதிய பதிப்பு தருவதில்லை. அப்பாவுக்குச் செய்தி படிக்க மட்டும்தான் என்றால் ஓபரா மினி போடலாம். பட்டன் போனில் 2ஜி சிக்னலில், ஒரு பக்கம் திறப்பதற்குள் டீ குடித்துவிட்டு வரும் காலத்தில் எங்களையெல்லாம் காப்பாற்றியது அது. பக்கத்தை முதலில் தன் சர்வருக்கு வரவழைத்து, கசக்கிச் சின்னதாக்கி உங்களுக்கு அனுப்பும். டேட்டா மிச்சமாகும். ஆனால் நடுவில் ஓர் ஆள் பிரித்துப் பார்த்துக் கட்டுகிறார் என்பதால் அந்த முறையில் வங்கி வேலை மட்டும் கூடாது. பென்ஷன் கணக்கு பார்ப்பதாக இருந்தால் அப்பாவுக்கு வேறு போன் வாங்கிக் கொடுங்கள்.

கே: பேஸ்புக்கில் பார்த்த விளம்பரத்தில் 1,899 ரூபாய்க்குப் பட்டுச்சேலை ஆர்டர் செய்தேன். பூட்டுப் படம் இருந்ததால் நம்பி யூபிஐ-யில் கட்டினேன். வந்தது கிழிந்த நைலான் துணி. இப்போது அந்தத் தளமே இல்லை. என் பிரவுசர் ஏன் எச்சரிக்கவில்லை? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. (பெயர் வேண்டாம், திருப்பூர்)

ப: முதலில், இதில் வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை. கிழிந்த துணியை மடித்து, பார்சல் கட்டி, முகவரி எழுதி அனுப்பியவன் இருக்கிறானே, அவன்.

பூட்டுக்கு வருவோம். அது சொல்வது ஒன்றுதான்: உங்கள் போனுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது. தளத்தின் முதலாளி யோக்கியனா என்று அது சொல்லாது. திருடனும் தன் கடைக்குப் பூட்டுப் போடலாம், இலவசமாகவே கிடைக்கிறது. எல்லோரும் உங்களைப் போலவே தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று 2023-ல் குரோமே அந்தப் பூட்டை எடுத்துவிட்டது.

இன்னொன்று, நீங்கள் பெரும்பாலும் உங்கள் பிரவுசரிலேயே இருந்திருக்க மாட்டீர்கள். பேஸ்புக்கில் தட்டும் லிங்க் அதற்குள்ளேயே ஒரு குட்டி ஜன்னலில் திறக்கும். அதில் முகவரி முழுசாகத் தெரிவதில்லை. இனி எந்த விளம்பரமானாலும் மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தட்டி வெளி பிரவுசரில் திறந்து, முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பெரிய ஜவுளிக்கடைப் பெயருக்குப் பின்னால் ஒட்டுப்போட்ட மாதிரி ஏதாவது தொங்கினால் வெளியே வந்துவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு இன்றே போன் செய்யுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. யூபிஐ பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பார்சல் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு மூன்றையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915. வீட்டிலும் சொல்லிவிடுங்கள், அதே விளம்பரம் அவர்கள் போனிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, உங்கள் போனில் என்ன? (ஈரோடு)

ப: இரண்டு. வங்கி, மின்கட்டணம், ரயில் டிக்கெட்டுக்கு ஒன்று, அதில் வேறு எதையும் திறப்பதில்லை. ஊர் சுற்ற பயர்ஃபாக்ஸ். பெருமையாக இருக்கிறதா? போன வாரம் மனைவி என் போனை வாங்கி, அந்த முதலாவதைத் திறந்தார். குரோமில் நூறு டேபைத் தாண்டினால் எண்ணுக்குப் பதில் ஒரு சிரிப்புக் குறி வரும். "இது ஏன் சிரிக்கிறது?" என்று கேட்டார். மின்கட்டணம் என்றேன்.