தோல் வேலை கேள்வி பதில்: கத்தியிலிருந்து மிஷின் வரை

நெல்லை, தென்காசிப் பக்கம் தோல் வேலை பழகுகிறவர்களும், அதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் பாளையங்கோட்டையில் பெல்ட், பை, பர்ஸ் செய்து விற்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணாச்சி, காலேஜ் படிக்கிறேன். கையில் 3,000 ரூபாய்தான் இருக்கிறது. ஆன்லைனில் நிறைய கருவிகள் உள்ள செட் ஒன்று அந்த விலைக்கே வருகிறது. வாங்கலாமா? (பாளையங்கோட்டை)

வேண்டாம் தம்பி. அந்த மாதிரி செட்டில் பாதிக்கு மேல் பூ அச்சு, இலை அச்சு என்று நீ தொடவே போகாத சாமான்கள்தான் இருக்கும், கத்தி மட்டும் வெண்ணெயைக்கூட ஒழுங்காக வெட்டாது. நல்ல கத்தி ஒன்று, ஸ்டீல் ஸ்கேல், 4 மி.மீ. இடைவெளியில் துளை போடும் ஸ்டிச்சிங் சிசல் (நான்கு பல்லில் ஒன்று, வளைவுகளுக்கு இரண்டு பல்லில் ஒன்று), முனை மழுங்கிய ஊசி இரண்டு, மெழுகு நூல், ஒரு குத்தூசி, உப்புத்தாள். இவ்வளவு போதும். சிசலை இரும்புச் சுத்தியால் அடித்தால் தலை நசுங்கிவிடும். தச்சர் வைத்திருக்கிற மரக் கொட்டாப்புளி இருக்கிறதே, அதுதான் இதற்குச் சரி. அடியில் வைக்கப் புளியங்கட்டை. கசாப்புக் கடையில் பார்த்திருப்பாய், குறுக்காக அறுத்த புளியமரத் துண்டு, எத்தனை வெட்டு வாங்கினாலும் தாங்கும், சிசலின் பல்லும் மழுங்காது. மரக்கடையில் கேட்டால் சின்னத் துண்டாக அறுத்துத் தருவார்கள். மீதிப் பணம் முழுவதையும் தோலில் போடு. கருவி சேர்ப்பதில் ஆசை வந்துவிட்டால் தோல் வாங்கக் காசு மிஞ்சாது, தோலில் கை படாமல் வேலை வராது.

தோல் ஓரத்தைப் பளபளவென்று தேய்க்கிற மரக்கருவி எங்கே கிடைக்கும்? (கல்லிடைக்குறிச்சி)

உங்களுக்குப் பக்கத்திலேயே, அம்பாசமுத்திரத்தில். குழந்தைகளுக்கான செப்புச் சாமான் கடைகிறவர்களிடம், விரல் தடிமனில் ஒரு உருளை, அதில் 2, 3, 4 மி.மீ. அகலத்தில் வரிசையாகப் பள்ளம் என்று ஒரு தாளில் வரைந்து கொடுங்கள். அரக்குச் சாயம் பூச வேண்டாம் என்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள், தேய்க்கும் சூட்டில் சாயம் இளகித் தோலில் ஒட்டும். ஓரத்தை முதலில் உப்புத்தாளால் சமன் செய்து, லேசாக ஈரப்படுத்தி, கொஞ்சம் தேன்மெழுகு தடவித் தேய்த்தால் கண்ணாடி மாதிரி வரும். இது மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்கு மட்டும். குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோலில் எவ்வளவு தேய்த்தாலும் ஓரம் பஞ்சாகத்தான் நிற்கும், அதற்கு ஓரப் பெயின்ட் பூசுவதுதான் வழி.

மரப்பட்டைத் தோல், குரோம் தோல் என்கிறீர்களே, கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கே போய் வாங்குவது? (வள்ளியூர்)

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். குரோம் தோலின் நடுவில் பெரும்பாலும் நீலமோ சாம்பலோ ஓடும். பட்டைத் தோல் பழுப்பாக இருக்கும், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கறுக்கும், நகத்தால் அழுத்தினால் தடம் நிற்கும். ஆனால் மேலே பூச்சு கொடுத்த தோலில் தண்ணீர்ச் சோதனை ஏமாற்றும், ஓரத்தை நம்புங்கள்.

நெல்லையில் தோல் மண்டி என்று சொல்லிக்கொள்ளும்படி எதையும் நான் பார்த்ததில்லை. கிட்ட இருப்பது திண்டுக்கல். பிறகு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை. சில்லறையாக நாலு சதுர அடி, ஐந்து சதுர அடி வாங்க வேண்டும் என்றால் சென்னை பெரியமேடுதான் வசதி, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கம். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூரில் இறங்கிக் காலையிலேயே போய்விடலாம். முதல் தடவையாவது நேரில் போங்கள். தோலைத் தொட்டு, மடக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்குகிற அனுபவம் போட்டோவில் கிடைக்காது.

பர்ஸுக்கு வெளித்தோல் 1 முதல் 1.2 மி.மீ., உள்ளறைகளுக்கு 0.8. பைக்கு 2 மி.மீ. சுற்றி. பெல்ட்டுக்கு 3.5 மி.மீ., அதற்கு எருமைத் தோல் நல்ல தேர்வு. வெளிநாட்டு வீடியோக்களில் அவுன்ஸ் கணக்கு சொல்வார்கள், ஒரு அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 0.4 மி.மீ. பெல்ட் பட்டையை முதுகுப் பக்கத்திலிருந்து நீளவாக்கில் வெட்டுங்கள். வயிற்றுப் பக்கத் தோல் இழுத்தால் நீளும், அதில் பெல்ட் செய்தால் கொஞ்ச நாளிலேயே ஓட்டை எல்லாம் நீள்வட்டமாகிவிடும்.

நம் ஊருக்கும் இதற்கும் உள்ள பழைய உறவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாங்குநேரி, ராதாபுரம் தரிசில் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே ஆவாரை, அதன் பட்டையிலும் கடுக்காயிலும்தான் தமிழ்நாட்டுத் தோல் ஒரு காலத்தில் பதமானது. ஈஸ்ட் இந்தியா லெதர் என்ற பெயரில் கப்பலேறியது அந்தத் தோல்தான். பின்னாளில் ஆவாரம் பட்டையின் இடத்தை வாட்டில் என்ற சீமை மரத்தின் பட்டை பிடித்துக்கொண்டது. பெயர் நிலைத்தது, இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. கடைக்காரரிடம் 'ஈ.ஐ. தோல்' என்று கேட்டால் புரிந்துகொள்வார்.

பட்டைத் தோலில் பெல்ட் செய்தேன். ஈரத்தோடு ஸ்டீல் ஸ்கேல் வைத்து வேலை பார்த்தேன், மறுநாள் நீலக் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கிறது. தோல் கெட்டுவிட்டதா? (சேரன்மகாதேவி)

கெடவில்லை. பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கறுப்பு பிறக்கும், கடுக்காயும் இரும்பும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சியது இதே முறைதான். எலுமிச்சைச் சாற்றைத் தண்ணீரில் கலந்து துணியால் ஒற்றி எடுங்கள், புதுக் கறை என்றால் பெரும்பாலும் போகும். ஈரத் தோலில் வேலை செய்யும்போது இரும்பின் மேல் ஒரு தாளை வைத்துக்கொள்ளுங்கள்.

இதையே வேண்டுமென்று செய்யவும் செய்யலாம். வினிகரில் துருப்பிடித்த ஆணியும் எண்ணெய் போகக் கழுவிய இரும்பு நாரும் போட்டுச் சில வாரம் ஊறவிட்டு, வடிகட்டித் தோலில் தடவினால் முழுக் கறுப்பு கிடைக்கும். மேலே பூசிய சாயம் மாதிரி வேட்டியில் ஒட்டாது. ஊறும்போது மூடியை இறுக்கக் கூடாது, உள்ளே வாயு சேரும். தடவி முடித்ததும் சோடா உப்புக் கரைத்த தண்ணீரால் துடைத்து, காய்ந்த பின் எண்ணெய் கொடுங்கள்.

எந்தக் கத்தி வாங்கினாலும் கொஞ்ச நாளில் இழுக்கிறது. விலை உயர்ந்த கத்தி வாங்கத்தான் வேண்டுமா? (வீரவநல்லூர், தென்காசி, இன்னும் சிலர்)

அதிகம் பேர் கேட்டது இதைத்தான், நானும் மனதாரப் பேச விரும்புவது இதைத்தான். கத்தியின் விலைக்கும் அது வெட்டுவதற்கும் உள்ள தொடர்பு கொஞ்சம், தீட்டுவதற்கும் வெட்டுவதற்கும் உள்ள தொடர்புதான் அதிகம். ஒரு கண்ணாடித் துண்டு எடுத்து, அதன் மேல் பெயின்டர்கள் வாங்குகிற வாட்டர் பேப்பரை ஒட்டுங்கள். 400, 1000, 2000 என்று வரிசையாக, தண்ணீர் விட்டு, ஒரே கோணத்தில் தேயுங்கள். ஒரு பக்கம் தேய்த்தால் மறுபக்கம் விரலுக்கு மெல்லிய பிசிறு தட்டுப்பட வேண்டும், அது தட்டுப்படாமல் அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். கடைசியாக, பலகையில் ஒட்டிய தோல் துண்டில், பாத்திரம் பாலிஷ் போடுகிற பட்டறையில் கிடைக்கும் பச்சைக் கட்டியைத் தடவி, கத்தியைப் பின்பக்கமாக இழுங்கள். வேலைக்கு உட்காரும் முன் ஒரு தடவை, நடுவில் கை அழுத்தம் கூடுகிறது என்று தோன்றும்போது ஒரு தடவை. இதைச் செய்தால் வாட்டர் பேப்பருக்கு அடிக்கடி போக வேண்டியிருக்காது.

கத்தியே செய்துகொள்ளலாம். லேத் பட்டறையில் பல் தேய்ந்து தூக்கிப்போடுகிற பவர் ஹாக்ஸா பிளேடு அருமையான எஃகு. ஆனால் முழுவதும் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) என்று தெரிந்து எடுங்கள். பைமெட்டல் பிளேடில் பல் இருக்கிற விளிம்பு மட்டும்தான் நல்ல எஃகு, அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் பட்டை. நம் கொல்லுப் பட்டறைகளில் லாரி வில்பட்டையில் அருவாள் அடிக்கிற ஆசாரியிடம் சொன்னால் அரைவட்டக் கத்தியும் அடித்துத் தருவார். அந்தக் கத்தியைச் சாணையில் பிடிக்கும்போது நுனி நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று என்று அர்த்தம், தண்ணீரில் நனைத்து நனைத்துப் பிடியுங்கள்.

மேலப்பாளையத்தில் டெய்லர் கடை வைத்திருக்கிறேன் பாய். என் மிஷினில் தோல் பை தைக்கலாமா, தனி மிஷின் வேண்டுமா?

வேண்டும் பாய். உங்கள் மிஷினில் தோல் ஊசி போட்டு, ஜாக்கெட்டுக்கான மெல்லிய தோல் இரண்டு அடுக்கு ஓட்டலாம், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடியில் உள்ள பல் மட்டும் துணியைத் தள்ளும் மிஷின் அது. தோலில் அந்தப் பல் தடம் பதிக்கும், மேலடுக்கு பின்தங்கி மூலை கோணும். பைக்கு வாக்கிங் ஃபுட் மிஷின் பாருங்கள், பாதமும் ஊசியும் பல்லும் சேர்ந்து தோலை நகர்த்தும். தட்டையான மேஜை உள்ளது பர்ஸுக்கும் பெல்ட்டுக்கும் போதும். பையின் சுற்றுப்பட்டி, வாய் இதெல்லாம் தைக்க உருளைக் கை உள்ள மிஷின்தான் வசதி.

மோட்டார் சர்வோவாக இருக்கட்டும், வேகத்தை மெதுவாக வைத்து ஓட்டலாம். கிளட்ச் மோட்டார் காலை வைத்ததும் பாயும், தோலில் தப்பாக விழுந்த துளையை அழிக்கவே முடியாது. 69 நம்பர் நூலுக்கு 18 ஊசி, 138 நூலுக்கு 22 அல்லது 23. வாக்கிங் ஃபுட் மிஷினுக்கு 135x16 என்று போட்டிருந்தால் தோல் முனை, 135x17 துணி முனை, கடையில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், டப்பாவைப் படித்து வாங்குங்கள். பழைய மிஷின் பார்க்கப் போனால் உங்கள் தோலையும் உங்கள் நூலையும் கொண்டுபோய், நாலு அடுக்கு ஏறி இறங்கும் இடத்தைத் தைத்துப் பாருங்கள். விற்கிறவர் தைத்துக் காட்டுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

மிஷின் இருக்கும்போது கையால் எதற்குத் தைக்க வேண்டும்? (திசையன்விளை)

மிஷின் தையலில் மேல் நூலும் அடி நூலும் நடுவில் கொக்கி போட்டு நிற்கும், ஓரிடத்தில் அறுந்தால் பக்கத்துத் தையலும் தளரத் தொடங்கும். ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்துக் கையால் போடும் இரட்டை ஊசித் தையலில் இரண்டு பக்க நூலும் எல்லாத் துளை வழியாகவும் போய் வரும், ஒன்று அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். பாரம் இழுக்கிற இடங்களுக்குக் கைத்தையல். நூல் அளவு, தைக்கும் நீளத்தைப் போல நான்கு மடங்கு.

சாரல் காலத்தில் பையெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடுகிறது. தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகுமா? (தென்காசி)

தேங்காய் எண்ணெய் வேண்டாம் அக்கா, நாளானால் சிக்கு வாடை அடிக்கும், கறையும் விழும். முதலில் அது பூஞ்சையா கொழுப்பா என்று பாருங்கள். முடி உலர்த்துகிற டிரையரைத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டினால் கொழுப்பு உருகி மறையும், பூஞ்சை மறையாது. கொழுப்பு என்றால் துணியால் துடைத்தால் முடிந்தது. பூஞ்சை என்றால் வீட்டுக்கு வெளியே வைத்துத் துடைத்து, ஸ்பிரிட் லேசாகத் தொட்ட துணியால் ஒற்றி, நிழலில் காற்றாட விடுங்கள். பாலிதீன் பையில் கட்டி வைக்கவே வைக்காதீர்கள், பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிற பெரியவரிடம் கற்றுக்கொள்ள ஆசை. எப்படிக் கேட்பது? (நெல்லை டவுன்)

கேட்டதற்காகவே உங்களை மதிக்கிறேன். போங்கள், முதலில் உங்கள் செருப்பையோ பையையோ வேலைக்குக் கொடுங்கள், அவர் சொல்கிற கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். 'ஐயா, உங்களிடம் பழக வேண்டும், உங்கள் நேரத்துக்கு இவ்வளவு தருகிறேன்' என்று நேராகச் சொல்லுங்கள். ஓசியில் கற்கக் கூடாது. அவர் அனுமதி இல்லாமல் போனைத் தூக்கி வீடியோ எடுக்கக் கூடாது.

இந்த வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்த அருந்ததியர் மக்களுக்கு ஊர் கொடுத்தது இழிவும் ஒதுக்கலும்தான். அதே வேலையை நம்மில் சிலர் ஆசைக்குச் செய்யும்போது கலை என்று பாராட்டு கிடைக்கிறது. இது எனக்கு எப்போதும் உறுத்துகிறது, அதனால்தான் கூலி விஷயத்தில் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நம் நோட்டில் இல்லாத பல விஷயங்கள் அவர்கள் கையில் இருக்கின்றன. தோலைக் கல்லில் வைத்து ஓரம் சீவுகிற கோணம், சொல்யூஷன் பூசி இரண்டு பக்கமும் லேசாகக் காயும் வரை காத்திருந்து ஒட்டுகிற பக்குவம், குத்தூசியை எந்தச் சாய்வில் ஏற்றினால் நூல் நேராக உட்காரும் என்பது, இதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் பிடிபடும்.

பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்கள் தோல் விலைக்கே பர்ஸை விற்றுவிடுகிறார்கள். எங்கள் பிழைப்பு என்ன ஆவது? (கடையநல்லூர்)

நியாயமான கோபம். பழகுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: வீட்டு ஆட்களுக்குச் சும்மா கொடுங்கள், விற்பதென்றால் உங்கள் மணிநேரத்துக்கும் கூலி போட்டு விற்கவும். உங்களுக்கு அந்தப் பணம் தேவைப்படாமல் இருக்கலாம், அடுத்த தெருவில் அதை நம்பி அடுப்பெரிகிறவர் இருக்கிறார்.

இரண்டு பக்கமும் சேர்ந்து செய்யக்கூடியதும் உண்டு. முழுப் பக்கத் தோல் ஒன்றை மூன்று பேர் சேர்ந்து வாங்குங்கள், துண்டாக வாங்குவதைவிடச் சதுர அடி விலை குறையும். ஓரம் சீவும் மிஷினை ஒருவர் கடையில் வைத்து, மற்றவர்கள் வேலைக்குக் காசு கொடுத்துப் பயன்படுத்தலாம்.

கடன் ஏதாவது கிடைக்குமா? (நாங்குநேரி)

35 வயது ஆகியிருந்தால் தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தைப் பாருங்கள், 3 லட்சம் வரை கடன், 50,000 வரை மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். பட்டியல் சாதியினர் தாட்கோவிலும் கேட்கலாம்.

மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். ராத்திரி துளை போட்டால் கீழ் வீட்டில் சத்தம் போடுகிறார்கள். (பெருமாள்புரம்)

பகலில் சிசலால் அடையாளம் மட்டும் லேசாகப் பதித்து வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரி உட்கார்ந்து குத்தூசியால் துளைத்துத் தையுங்கள், சத்தமே வராது. அடித்தே ஆக வேண்டும் என்றால் கிரானைட் கடையில் கழிவாகப் போட்டிருக்கும் கனத்த துண்டை வாங்கி, அதன் அடியில் பழைய பத்தமடைப் பாயை நாலாக மடித்துப் போட்டு, மேலே புளியங்கட்டையை வையுங்கள். மேஜையின் நடுவில் வேண்டாம், கால் இருக்கும் மூலைக்கு நேர் மேலே வைத்து அடித்தால் பாதிச் சத்தம் அடங்கும்.