சஸ்பென்ஷன் புஷ் எப்போ மாத்தணும்? கேட்டவங்களுக்கு என் பதில் (புஷ்னா சஸ்பென்ஷன் மூட்டுகள்ல அதிர்வைத் தாங்குற ரப்பர்)

கேள்வி: அண்ணா, 2014 ஸ்விஃப்ட், 85,000 கிமீ ஓடியிருக்கு. ஸ்பீட் பிரேக்கர்ல மெதுவா இறங்குனாலே முன்னாடி இடது பக்கம் டொக்குனு ஒரு சத்தம். மெக்கானிக் ரெண்டு லோயர் ஆர்மையும் (சக்கரத்தை வண்டியோட அடிச்சட்டத்துல சேக்குற இரும்புக் கை) மாத்தணும்ங்கிறார், மாத்திடவா?

பதில்: அவசரப்படாதீங்க தம்பி. இந்த மாதிரி சத்தத்துக்கு முதல்ல பாக்க வேண்டியது ஸ்டெபிலைசர் பாரோட (திருப்பத்துல வண்டி சாயாம தடுக்குற கம்பி) லிங்க்கும் அந்த பாரைப் புடிச்சிருக்கிற புஷ்ஷும் தான், லோயர் ஆர்ம் விலைக்கு அதெல்லாம் சில்லறை. ஆர்ம் புஷ் போயிருந்தா பிரேக் புடிக்கிறப்போ டக்குனு ஒரு தட்டு தட்டும், இல்ல வண்டி ஒரு பக்கமா இழுக்கும். காலி இடத்துல கொஞ்சம் முன்னாடி போய் பிரேக், ரிவர்ஸ்ல வந்து பிரேக்னு நாலு தடவை பண்ணிப் பாருங்க, தெரிஞ்சிடும்.

கேள்வி: எனக்கு சத்தமே இல்ல சார், ஆனா ரப்பர்ல வெடிப்பு தெரியுது.

பதில்: மேலாப்புல முடி மாதிரி கோடு இருந்தா விடுங்க, வயசான ரப்பர் அப்படித்தான் இருக்கும். வெடிப்பு ஆழமா போயிருக்கா, ரப்பர் இரும்பு குழாயை விட்டுப் பிரிஞ்சிருக்கா, அதைத்தான் பாக்கணும். சின்ன கடப்பாரை வச்சு நெம்புங்க. கொஞ்சம் அசைஞ்சு திரும்பி வந்தா ஓகே, லொடலொடன்னு ஆடுனா மாத்திடுங்க. ஆயில் மாதிரி கிமீ கணக்கு வச்சு மாத்துற சாமான் இல்ல இது.

கேள்வி: வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரி பண்றது) பண்ணி ரெண்டே மாசம், டயர் உள்பக்கம் மறுபடி தேயுது.

பதில்: புஷ் ஆடுச்சுன்னா வண்டி நிக்கிறப்போ கோணம் கரெக்டா காட்டும், ஓடுறப்போ சக்கரம் அது இஷ்டத்துக்குத் திரும்பும். முதல்ல புஷ்ஷைப் பாருங்க, அப்புறம் அலைன்மென்ட். வரிசை மாறுனா காசு தண்டம்.

கேள்வி: புது புஷ் போட்டு ஆறே மாசத்துல கிழிஞ்சிடுச்சு, டூப்ளிகேட்டா?

பதில்: இருக்கலாம், ஆனா நான் முதல்ல சந்தேகப்படுறது மாட்டுன விதத்தை. இந்த ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுத்தாது, ஆர்ம் ஏறி இறங்குறப்போ ரப்பர் முறுக்கிக்கிட்டு திரும்புது, அவ்ளோதான். வண்டியை லிஃப்ட்ல தூக்கி சக்கரம் தொங்குறப்பவே போல்ட்டை முழுசா இறுக்கிட்டா, கீழ இறக்குனதும் ரப்பர் முறுக்குன நிலையிலேயே நின்னுடும், அப்புறம் ஒவ்வொரு பள்ளத்துலயும் இன்னும் முறுக்கும், எத்தனை நாள் தாங்கும் சொல்லுங்க. நானே ஒருதடவை பக்கத்துல நின்னு வேடிக்கை பாத்துட்டு இதைக் கேக்காம விட்டு செம்மையா வாங்கிக் கட்டிக்கிட்டேன். வண்டி பாரம் சக்கரத்து மேல உக்காந்த அப்புறம்தான் கடைசி டைட்.

கேள்வி: கிரீஸ் தடவுனா சத்தம் நிக்குமா?

பதில்: நாலு நாள் நிக்கும், அப்புறம் சாதா கிரீஸ்ல ரப்பர் ஊறி கொழகொழன்னு ஆயிடும். வேணாம்.

கேள்வி: ரப்பருக்குப் பதிலா பாலியூரித்தேன் (ரப்பரை விட கெட்டியான பிளாஸ்டிக்) புஷ் போடலாமா?

பதில்: ஸ்டியரிங் நல்லா கெத்தா இருக்கும், ரோட்டுல இருக்கிற கல்லு ஒவ்வொண்ணும் முதுகுக்குத் தெரியும். அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போற வண்டின்னா சாதா ரப்பரே போடுங்க.